முந்நூற்று நாற்பதாம் வரி

கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரே ஒரு கேள்வி வந்து நிற்கும்: ‘பேர்?’ சொல் தமிழ், எழுத்து ஆங்கிலம். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் மினுங்கி மினுங்கி அணையும். பதில் தட்டாமல் அடுத்த வேலைக்குப் போக விடாது. எண்பதுகளின் நடுவில், கொடைக்கானலில் நான் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில், ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது அந்தக் கேள்வி என் முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். கேள்வி கேட்கும் அந்தப் புரோகிராமை எழுதியவர் என் மதினி, என் அண்ணனின் மனைவி. அதை நான் அல்லவா எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். உண்மையில் அப்படி ஒன்றை எழுதலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. எரிச்சலுக்குக் காரணமும் அதுதான்.

மதினி என்னைவிட ஒரு வயது சின்னவர். ஆனாலும் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் முறை முறைதானே. நான் ‘மதினி’ என்று கூப்பிட வேண்டும், அவர் என்னைத் ‘தம்பி’ என்பார். தன்னைவிடச் சின்னவர் வாயால் தம்பி என்று தினமும் கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சங்கடம் புரியும். நான் மதுரையில் விடுதியில் தங்கிக் கணிதத்தில் பட்டம் வாங்கியவன். எங்கள் தெருவுக்கே நான்தான் முதல் பட்டதாரி. மதினியோ சிலோனிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம். எழுபதுகளின் தொடக்கத்தில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, மரப்பட்டை உரிக்கும் வேலைக்கென்று லாரியில் வத்தலக்குண்டு வழியாக மலையேறியவர்கள். படிப்பு பள்ளியோடு சரி. மிஷனில் நடத்திய டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்து ஹையர் பரீட்சை தேறி, ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்ட் ஆனார். அங்கே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டார். பிறகு அதே அறையில் பட்டதாரியான எனக்கும் ஒரு மேசை கிடைத்தது. கம்ப்யூட்டர் வந்து சேரும்வரை எங்களுக்குள் ஒரு வில்லங்கமும் இல்லை.

கம்ப்யூட்டரை வரவழைத்தவர் எங்கள் டாக்டரம்மா. மலை ஊர்களின் காசநோய் வேலையை அவர்தான் கவனித்தார். மேல்மலையிலும் கீழ்மலையிலும் இருந்த நோயாளிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாத்திரைப் பொட்டலம் போக வேண்டும். எந்த ஊருக்கு, யார் யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று ஊர்வாரியாகப் பட்டியல் போடுவது பெரிய பாடு. அதைக் கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம் என்று சென்னையிலிருந்து ஒருவர் வந்து, மூன்று வாரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்து, ஒரு புரோகிராமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்துப் புரோகிராமில் வரிக்கு வரி ஓர் எண் இருக்கும். பத்து, இருபது, முப்பது என்று போகும். எந்த வரியை மாற்ற வேண்டுமோ அந்த எண்ணைப் போட்டுப் புதிதாகத் தட்டினால் போதும், பழையது போன இடம் தெரியாது. நோயாளிகளின் விவரத்தைத் தட்டிப் பதிவது மதினியின் வேலை. பட்டியலை அச்சிடுவது என் வேலை. புரோகிராமில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் இருவரும் மாற்றுவோம், சில சமயம் டாக்டரம்மாவும் ஆசைக்கு உட்கார்ந்து ஒரு கை பார்ப்பார்.

வந்தது வினை. நேற்று சரியாக ஓடியது இன்று ஓடாது. யார் எதை மாற்றினார்கள் என்று கேட்டால் மூன்று பேருமே கையை விரிப்போம். நிஜமாகவே நினைவும் இருக்காது. ஒரு நாள் பாச்சலூர்ப் பட்டியல் முழுவதும் தலைகீழாக அச்சாகி வந்தது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, “பேய் வந்து மாத்திட்டுப் போச்சு போல” என்றார். நானும் சிரித்தேன். மதினி சிரிக்கவில்லை. “யார் மாத்தினதுன்னு தெரியாமப் போறது சிரிக்கிற விசயம் இல்லைங்க டாக்டரம்மா” என்றார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில்தான் அந்தக் கதையைச் சொன்னார். அவருக்கு ஓர் அக்கா. இந்தியாவுக்கு வர எழுதிக் கொடுத்தபோது குடும்பத்துக் காகிதத்தில் அப்பா, அம்மா, அக்கா, இவர், தம்பி என்று ஐந்து பெயரும் இருந்தன. காகிதம் பல அலுவலகங்கள் சுற்றித் திரும்பி வந்தபோது அக்காவின் பெயர்மேல் மையால் ஒரு கோடு. “இந்த ஆபீஸ்ல கேட்டா அந்த ஆபீஸ்ங்கிறாங்க. அங்க போனா எங்களுக்குத் தெரியாதுங்கிறாங்க. யார்கிட்டயும் கதைச்சுப் பாக்க ஏலல. கோடு போட்டது யாருன்னு தெரிஞ்சாத்தானே ஏன் போட்டீங்கன்னு கேக்கலாம்? அக்காவ அங்கேயே விட்டுட்டுக் கப்பல் ஏறினோம் தம்பி.” அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் ஒரு மாதம் தாங்கியது.

ஒரு மாதத்தில் மதினி அந்தப் புரோகிராமை எழுதி முடித்திருந்தார். வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, அண்ணன் ஜீப்பைக் கழுவி முடிக்கும்வரை கிடைக்கிற அரை மணி நேரத்தில், சென்னைக்காரர் விட்டுப்போன தடித்த புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து எழுதியது. இனிமேல் யாரும் நேரடியாக வரியை மாற்றக் கூடாது. மதினியின் புரோகிராம் வழியாகத்தான் மாற்ற வேண்டும். வரி எண்ணைக் கொடுத்தால் பழைய வரியைக் காட்டும். புதியதைத் தட்டியதும், ‘பேர்?’ என்று கேட்கும். சொன்னால், ‘ஏன்?’ என்று கேட்கும். அதையும் சொன்ன பிறகே மாற்றும். பழைய வரி, புதிய வரி, பேர், காரணம், தேதி எல்லாம் ஃபிளாப்பியில் தனியாக ஒரு கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் ஒரு நாள் எந்த வரியில் சந்தேகம் வந்தாலும் அதன் எண்ணைத் தட்டினால் போதும், அந்த வரி பிறந்ததிலிருந்து இன்றுவரை யார் கை வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிடும். பேருக்கு ஓர் எழுத்து போதும். எனக்கு எஸ், மதினிக்கு ஆர், டாக்டரம்மாவுக்கு டி.

அந்தப் புரோகிராமுக்கு அவர் வைத்த பெயரும் ‘பேர்’ தான். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கே ‘பேர்’ என்றுதான் சொல்வார்களாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்று பதிந்துகொண்டு, சொன்ன அளவு கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். “வேலை செஞ்சா பேர் விழணும் தம்பி. நல்ல வேலையோ கெட்ட வேலையோ, செஞ்சவங்க பேர்ல விழணும்” என்று விளக்கம் வேறு. கணிதம் படித்தவன் நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு யார் வந்தாலும் பதிவேட்டு அறைக்கு அழைத்துவந்து, “எங்க டைப்பிஸ்ட் எழுதினது, காலேஜ்கூடப் போகாத பொண்ணு” என்று ஓட்டிக் காட்டுவார். அந்தக் ‘காலேஜ்கூடப் போகாத’ வரும்போதெல்லாம், காலேஜ் போய் வந்தவன் ஒருவன் பக்கத்து மேசையில் இருப்பது யார் கண்ணுக்கும் படாது. மழைக்காலத்தில் ஃபிளாப்பியில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, பிஸ்கட் டப்பாவில் வறுத்த அரிசியைப் போட்டு அதற்குள் வைக்கலாம் என்று சொன்னதும் மதினிதான். அதற்கும் பாராட்டு. நான் என் பங்குக்குக் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்குகிறது என்றேன், காரணத்தை ஆங்கிலத்தில் எழுதாமல் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது அழகாக இல்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மதினி ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். அந்தப் பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் அம்மாகூட, “அவ மண்டைக்குள்ள என்னதான் இருக்கோ” என்று தெருவில் பெருமை பேசினாள். நான் பரீட்சையில் தேறியபோது அம்மா அப்படிப் பேசிய நினைவு இல்லை.

இந்த நிலையில்தான் டாக்டரம்மா ஒரு செய்தி சொன்னார். சென்னையில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்புக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆளை அனுப்பலாம். திரும்பி வந்ததும் பதிவேட்டுப் பிரிவு அவர் பொறுப்பு. யாரை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, அவர் கண் எந்த மேசைப் பக்கம் போனது என்று நான் பார்த்தேன். மதினியும் பார்த்துவிட்டார் போல. அன்று மாலை அண்ணனிடம், “ஆறு மாசம் சமாளிச்சுக்குவீங்களா?” என்று கேட்டதும், அவன் “போய்ட்டு வா, கஞ்சி காச்ச எனக்குத் தெரியாதா” என்றதும் என் காதில் விழுந்தன. எனக்கு அந்த இடம் வேண்டும். வேறு எதையும் அந்த அளவுக்கு நான் வேண்டியதில்லை. ஏதாவது பெரிதாகச் செய்து காட்டினால் டாக்டரம்மாவின் கண் இந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டேன்.

பட்டியல் அச்சிட நேரமாகிறது என்பது டாக்டரம்மாவின் நெடுநாள் குறை. முந்நூற்று நாற்பதாம் வரிதான் ஒவ்வொரு நோயாளியின் ஊர்ப் பெயரையும் முழுதாக, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும் இடம். எதற்கு முழுப் பெயர்? முதல் இரண்டு எழுத்து போதாதா? ஒரு மத்தியானம் உட்கார்ந்து மாற்றினேன். ‘பேர்?’ என்றது. எஸ் என்று பெருமையாகத் தட்டினேன். ‘ஏன்?’ என்றதற்கு, புரோகிராமின் இயங்கு வேகத்தை மேம்படுத்தும் பொருட்டு என்று பொருள்படும்படி, பரீட்சைத் தாளுக்கு எழுதுவதுபோல நல்ல ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். பாதி நேரத்தில் பட்டியல் அச்சாகி வந்தது. நல்ல நாள் பார்த்து டாக்டரம்மாவிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

பூம்பாறையும் போளூரும் தமிழில் எழுதினால் ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது. பூ வேறு, போ வேறு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நாங்களோ தமிழ் ஊர்களை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்திருந்தோம். இரண்டுக்கும் முதல் எழுத்து பி, இரண்டாவது எழுத்து ஓ. கம்ப்யூட்டர் பெட்டிக்கு இரண்டும் ஒரே ஊராகிவிட்டது. முதலில் பூம்பாறை வருவதால் போளூர்க்காரர்கள் ஏழு பேரும் பூம்பாறைப் பட்டியலில் போய் ஒட்டிக்கொண்டார்கள். போளூர் என்ற பட்டியலே அச்சாகவில்லை. பட்டியல் இல்லாத ஊருக்கு ஜீப் போகாது. பூம்பாறையில் பையை வாங்கிப் பொட்டலம் கொடுக்கும் ஆள் அந்த ஏழு பெயரையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ‘வரவில்லை’ என்று குறித்துத் திருப்பி அனுப்பினார். இரண்டு தடவை வராவிட்டால் மருந்தை விட்டுவிட்டவர் என்று பெட்டி பெயரை எடுத்துவிடும். அதுவும் நடந்தது.

இதையெல்லாம் தடுத்திருக்க ஒரு வாய்ப்பு வந்தது. முதல் தடவையே அண்ணன் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டு, “ஏலே, போளூரு இல்லையா இந்த வாரம்?” என்று கேட்டான். எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். “பெட்டி அடிச்சுக் குடுத்ததுதான்ணே. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றேன். “அப்பச் சரி, எனக்குச் சோலி மிச்சம்” என்று சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்து, மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம், போளூரில் பூண்டு விவசாயம் செய்யும் ஒருவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார். அவர் மனைவி எங்கள் நோயாளி. வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த துணியில் ரத்தம் இருந்தது. “ஏம்மா, மாத்திரையை நடுவுல விட்டா வெசம்னு நீங்கதான சொன்னீங்க? வெள்ளனே வந்து ரோட்டுல நிக்கோம், வண்டியக் காணும். ரெண்டு தவணை இப்படியே போச்சு. எங்க பேரு எங்க போச்சு?” என்று டாக்டரம்மாவைப் பார்த்துக் கத்தினார். டாக்டரம்மா அந்த அம்மாளை வார்டுக்கு அனுப்பிவிட்டு வந்து பட்டியலைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. மதினி பழைய பூம்பாறைப் பட்டியலில் விரலை ஓட்டியவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். “முந்நூத்தி நாப்பதுல யாரோ கை வச்சிருக்காங்க” என்றார். பெட்டியிடம் கேட்டுவிடலாம் என்று டாக்டரம்மா நாற்காலியை இழுத்தபோது கரண்ட் போனது. மலையில் மழைக்குக் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் பார்க்கலாம் என்று கலைந்தோம்.

நான் செய்ததை இனிச் சொல்லிவிடுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம்கூடச் சொல்லாதது. மறுநாள் விடிந்தும் விடியாமல், பனி இறங்கிக்கொண்டிருக்க, அறைச் சாவி என்னிடம் இருந்ததால் நானே திறந்து உள்ளே போனேன். கரண்ட் வந்திருந்தது. வறுத்த அரிசி டப்பாவிலிருந்து ஃபிளாப்பியை எடுத்தேன். மதினியின் புரோகிராம் எல்லா வரிக்கும் காவல் நின்றது. ஆனால் தன் குறிப்புக் கோப்புக்குக் காவல் வைக்க அவருக்குத் தோன்றியிருக்கவில்லை, அதைத் திருத்துகிறவனும் ஒருவன் இருப்பான் என்று அவர் நினைக்கவில்லை. ஐந்து வரியில் ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினேன். எஸ் இருந்த இடத்தில் ஆர். வேலை இரண்டு நிமிடம். தப்பை மறைக்க மட்டும் என்றால் டாக்டரம்மாவின் டி போட்டிருக்கலாம், தானே மாற்றிவிட்டு மறந்திருப்போம் என்று அவரும் நம்பியிருப்பார். நான் யோசித்துத்தான் ஆர் போட்டேன். ஆறு மாதப் படிப்பும் அந்த நாற்காலியும் அந்த ஓர் எழுத்துக்குள் இருந்தன. பிறகு கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு, எல்லாரும் வந்த பிறகு வந்தேன்.

டாக்டரம்மா, மதினி, அண்ணன், நான் நால்வரும் பெட்டிமுன் நின்றோம். மதினிதான் எண்ணைத் தட்டினார். முந்நூற்று நாற்பதாம் வரியின் சரித்திரம் வரிவரியாகத் திரையில் இறங்கியது. சென்னைக்காரர் எழுதியது, மதினி ஒரு முறை திருத்தியது, கடைசியாக அந்த இரண்டெழுத்து மாற்றம். பேர்: ஆர். அதற்குக் கீழே காரணம். பேரை மாற்றியவன் காரணத்தை மாற்ற மறந்திருந்தேன். பொருட்டும் மேம்பாடுமாக என் கல்லூரி ஆங்கிலம் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. மதினி எழுதும் காரணங்கள் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ‘ஊர் பேர் நீளம், இடம் பத்தல.’ ‘வயசு தப்பா வருது.’ இப்படித்தான் இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தேன், காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மதினி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. இவ்வளவுதானா நீ என்பதுபோல இருந்தது. டாக்டரம்மா, “நீயாம்மா மாத்தின?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பெட்டி என் பேரைத்தானே காட்டுதுங்க.”

“நான் பெட்டியைக் கேக்கல, உன்னைக் கேக்கறேன்.”

அண்ணன் வாயைத் திறக்கப் போனான், மதினி கையைக் காட்டி நிறுத்தினார். “பெட்டி பொய் சொல்லுதுன்னு நான் இன்னைக்குச் சொன்னா, நாளைக்கு யாரும் அதுகிட்டக் கேக்க மாட்டாங்க டாக்டரம்மா. அப்புறம் பழையபடி யார் பேரும் இருக்காது. என் பேர்தான் இருக்கு. அப்படியே இருக்கட்டும்” என்றார்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, யானைக்கும் அடி சறுக்கும் என்று ஏதோ சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். அன்றே அந்த வரியைப் பழையபடி மாற்றி, ஏழு பெயரையும் திரும்பச் சேர்த்து, போளூருக்கு ஜீப் போனது. பூண்டு விவசாயியின் மனைவி முதலிலிருந்து ஊசி போட்டுக்கொண்டு பல மாதம் வார்டில் கிடந்து பிழைத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் மதினியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பழையபடி டைப்ரைட்டருக்கு மாற்றினார்கள். சென்னைக்கு நான் போனேன். வத்தலக்குண்டில் என்னைப் பஸ் ஏற்றிவிட அண்ணன் வந்திருந்தான். பஸ் நகரும்போது, “அவ புடவையெல்லாம் எடுத்து வச்சிருந்தாளே” என்றான்.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். குழி பறித்த கதையையும் கேளுங்கள். சென்னை வகுப்பில் மூன்றாம் மாதம் ஆசிரியர் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் வெளிநாட்டுப் புரோகிராம் ஒன்றைக் காட்டினார். எழுதுகிற ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எதற்கு என்று அது வைத்துக்கொள்ளும், கேட்டால் எடுத்துச் சொல்லும். வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்குள் ஒரு நொடி மதினியை நினைத்துப் பெருமை வந்தது, பொய் சொல்லவில்லை, வந்தது. “எங்க மலையில இந்த மாதிரி ஒண்ணு ஏற்கெனவே ஓடுது சார்” என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி யாரும் அதுவரை என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. “யாருப்பா எழுதினது?” என்று ஆசிரியர் கேட்டார். “நான்தான் சார்” என்றேன். மறுநாள் அதே போல ஒன்றை நினைவிலிருந்து எழுதியும் காட்டினேன். படிப்பு முடிந்ததும் அவர் சிபாரிசிலேயே சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மலைக்குத் திரும்பவில்லை. பதிவேட்டுப் பிரிவு நாற்காலி எனக்கும் இல்லாமல் மதினிக்கும் இல்லாமல் வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. மதினி ஓய்வு பெறும்வரை டைப்பிஸ்ட்தான்.

நான் முப்பது வருடத்துக்குமேல் அந்தத் தொழிலில் இருந்து, பதவிகள் பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்று உலகம் முழுவதும் புரோகிராம் எழுதுகிற பிள்ளைகள் கையில் அதே வேலையைச் செய்யும் கருவி இருக்கிறது. ஒரு வரியைக் காட்டி இதை யார் மாற்றியது என்று கேட்டால், மதினியின் பெட்டி சொன்னதுபோலவே ஆளையும் தேதியையும் சொல்கிறது. அப்படிக் கேட்கும் கட்டளைக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் சொல்லைத் தமிழில் சொன்னால் ‘பழி’. என் கீழே வேலை பார்த்த ஒரு பெண் முதன்முதலில் அதைத் தட்டிக் காட்டியபோது எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. மதினி அதற்குப் ‘பேர்’ என்று வைத்தார், உலகம் ‘பழி’ என்று வைத்திருக்கிறது. பழியை அவரிடம் தள்ளிவிட்டுப் பேரை நான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

போன மாசியில் மலைக்குப் போயிருந்தேன். அண்ணன் உள்ளே படுத்திருந்தான். மதினி வெயிலில் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, “மதினி, அந்த முந்நூத்தி நாப்பதை மாத்தினது நான்தான். பேரை மாத்தினதும் நான்தான்” என்றேன். அவர் கை நிற்கவில்லை.

“தெரியும் தம்பி. மெட்ராஸ்ல என்ன சொன்னீங்கன்னும் தெரியும். நீங்க அங்கேயே வேலைக்குச் சேர்ந்தப்புறம், உங்க ஆளு அருமையா ஒரு புரோகிராம் எழுதிக் காட்டினாருன்னு அந்த சார் டாக்டரம்மாவுக்கு லெட்டர் போட்டிருந்தாரு. எனக்கு வாசிச்சுக் காட்டினாங்க. வாசிச்சிட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டாங்க. அப்ப அந்த நாக்காலிக்கு வேற ஆள் வந்தாச்சு.”

“நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே மதினி.”

“நீங்களா வந்து சொல்வீங்கன்னு இருந்தேன்.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். பூண்டுத் தோலை ஊதித் தள்ளிவிட்டு, “எனக்குத்தான் தெரியுமே, என்கிட்ட எதுக்கு? தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க. நாலு பேர் படிக்கிற எடத்துல எழுதுங்க. ஆனா என் பேரைப் போட்டு எழுதணும் தம்பி. அண்ணன் பொண்டாட்டி, டைப்பிஸ்ட்டுன்னு எழுதிட்டுப் போயிராதீங்க. அப்பா அம்மா வச்ச பேரு ஒண்ணு எனக்கு இருக்கு” என்றார். சரி என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நாலு நாளாயிற்று. எழுதியதை இப்போது முதலிலிருந்து படித்துப் பார்க்கிறேன். மதினி, மதினி என்று பக்கம் முழுக்க இருக்கிறது. டைப்பிஸ்ட் என்றும் இருக்கிறது. அவர் பேர் ஓர் எழுத்தோடு நிற்கிறது. போடக் கூடாது என்று நினைத்து விட்டதில்லை. போட வேண்டிய இடம் வரும்போதெல்லாம் கை அதைத் தாண்டிப் போயிருக்கிறது. இப்போதுகூட ஒன்றும் கெட்டுவிடவில்லை, பேனா கையில்தான் இருக்கிறது. ஆனால் போட்டுவிட்டால் அந்தப் புரோகிராம் அவருடையதாகிவிடும் என்று, இந்த வயதிலும், வயிறு எரிகிறது.